காவலனுக்கும் எல்லை உண்டு

தோட்டத்து ஸ்டோருக்கு இரவுக் காவல் வைப்பவர்கள் ஜாகாவின் கையில் விளக்கையும் தடியையும் கொடுப்பார்கள். ஸ்டோரின் சாவியைக் கொடுப்பதில்லை. கதவு பூட்டியபடி இருக்கின்றதா, சன்னல் உடைந்திருக்கின்றதா, எங்கேனும் புகை எழுகின்றதா என்று சுற்றிப் பார்ப்பவருக்குச் சாவி எதற்கு? இவ்வளவு எளிய நடைமுறை ஒன்று கணிப்பொறி உலகில் கால்கொள்வதற்கு ஒரு தலைமுறைக்கு மேல் ஆயிற்று. அங்கே காவற்காரரிடம் முதலில் சாவிக்கொத்து முழுவதையுமே கொடுத்து வைத்திருந்தார்கள். அதை எவ்வாறு திரும்ப வாங்கினார்கள் என்பது அறியத்தக்க வரலாறு.

வங்கி, மருத்துவமனை, அரசாங்க அலுவலகம் ஆகிய எல்லாம் இன்று சர்வர் எனப்படும் வழங்கிக் கணிப்பொறிகளை நம்பியே நடைபெறுகின்றன. அவை இரவு பகல் ஓயாமல் ஓடுபவை. அவற்றின் சேமிப்புத் தட்டு நிறைந்துவிட்டதா, அனுப்பவேண்டிய அஞ்சல் தேங்கிக் கிடக்கின்றதா, தரவுத்தளம் விடையளிக்கின்றதா என்று மனிதர் ஒருவர் விழித்திருந்து பார்த்துக்கொண்டிருத்தல் இயலாது. ஆகவே அப்பணிக்கெனக் கண்காணிப்பு நிரல்கள் தோன்றின. ஈத்தன் கால்ஸ்டாட் என்னும் அமெரிக்கர் 1999ஆம் ஆண்டில் நெட்செயிண்ட் என்ற பெயரில் வெளியிட்டு, 2002இல் நாகியோஸ் என்று பெயர் மாற்றிய நிரல் இவற்றுள் புகழ்பெற்றது. மூனின் என்பது மற்றொன்று. வடநாட்டு நார்ஸ் புராணத்திலே ஓடின் என்னும் தெய்வத்திற்கு உலகச் செய்திகளைக் கொண்டுவந்து சொல்லும் அண்டங்காக்கைகள் இரண்டனுள் ஒன்றின் பெயர் அது. பெயரிட்டவர்கள் பொருத்தமறிந்து இட்டிருக்கிறார்கள்.

இந்நிரல்களின் அமைப்பில் ஒரு நுட்பம் உண்டு. நாகியோஸ் தானாக எதையும் சோதிப்பதில்லை. சோதனை ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறு துணைநிரல் இருக்கும். அதனைச் செருகுநிரல் என்பர். பிளகின் என்று வழங்குவதும் இதுவே. குறித்த நேரத்தில் தலைமை நிரல் செருகுநிரலை அழைக்கும். அது தன் வேலையைச் செய்து, ஒரு வரி விடையும் ஓர் எண்ணும் தந்துவிட்டு முடிந்துபோகும். எண் 0 ஆயின் நலம், 1 ஆயின் எச்சரிக்கை, 2 ஆயின் நெருக்கடி, 3 ஆயின் தெரியவில்லை என்று பொருள். இவ்வளவே உடன்பாடு. இந்த உடன்பாட்டைக் காக்கும் எந்த நிரலும், எந்தக் கணிப்பொறி மொழியில் எழுதப்பட்டிருந்தாலும், செருகுநிரல் ஆகலாம். நாகியோஸ் உலகெங்கும் பரவியதற்கு இந்த எளிமை ஒரு பெருங் காரணம். யாரோ எழுதிய சிறுநிரல்கள் சர்வரின் உள்ளறை வரை வந்து உலவும் நிலை ஏற்பட்டதற்கும் அதுவே காரணம்.

இதில் தீங்கு என்ன என்று கேட்கலாம். அதற்கு விடை காண, கணிப்பொறியில் அனுமதி என்பது எவ்வாறு வகுக்கப்பட்டது என்பதைச் சற்றுப் பின்னோக்கிப் பார்க்கவேண்டும்.

1960களில் ஒரே கணிப்பொறியைப் பலர் பங்கிட்டுப் பயன்படுத்தும் முறை வந்தபோதுதான், ஒருவர் கோப்பை மற்றவர் திறக்கலாமா என்ற வினாவும் உடன் வந்தது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் உருவாகத் தொடங்கிய யூனிக்ஸ் அதற்கு எளியதொரு விடை தந்தது. ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் உடைமையாளர், ஒரு குழு, ஏனையோர் என மூன்று தரத்தார். படித்தல், எழுதுதல், இயக்குதல் என மூன்று உரிமைகள். யாருக்கு எந்த உரிமை என்பதை உடைமையாளரே முடிவு செய்வார். அவர் விருப்பமே சட்டமாதலின் இதனை விருப்ப அணுகல் கட்டுப்பாடு என்று கூறுவர். இவர்கள் எல்லோர்க்கும் மேலாக ரூட் என்னும் முதலாளி ஒருவர். அவருக்கு எந்தத் தடையும் இல்லை.

இம்முறையில் இரண்டு ஓட்டைகள் இருந்தன. முதலாவது, ஒருவர் இயக்கும் நிரல் அவருடைய உரிமைகள் அனைத்தையும் பெற்றுக்கொண்டே ஓடும். கடிதம் எழுதும் நிரலை இயக்கினாலும், அந்நிரல் நினைத்தால் அவருடைய கணக்கேட்டையும் திறக்கலாம். இரண்டாவது, சில வேலைகளை ரூட் மட்டுமே செய்யமுடியும். அவ்வேலை சாதாரணப் பயனருக்கும் வேண்டியிருக்கும்போது என் செய்வது? அதற்காக டென்னிஸ் ரிச்சி ஒரு வழி கண்டார். ஒரு நிரலின்மேல் தனிக்குறி ஒன்றை இட்டுவிட்டால், அதனை யார் இயக்கினும் அது தன் உடைமையாளரின் உரிமையோடு ஓடும். உடைமையாளர் ரூட் ஆயின், நிரலும் ரூட்டின் உரிமையோடு ஓடும். கூர்மையான கருவிதான். ஆனால் ஒரு பெட்டியைத் திறக்க வேண்டியவருக்கு வீட்டின் சாவிகள் அனைத்தையும் கொடுக்கும் கருவியும் அதுவே.

அமெரிக்கப் படைத்துறை இத்தகைய ஓட்டைகளைக் கண்டு அஞ்சிற்று. வில்லிஸ் வேர் என்பாரின் தலைமையில் அமைந்த குழு 1970இல் ஓர் அறிக்கை தந்தது. 1972இல் ஜேம்ஸ் ஆண்டர்சன் என்பார் விமானப்படைக்கு எழுதிய அறிக்கை இன்றளவும் எடுத்தாளப்படுவது. ஒவ்வோர் அணுகலையும் இடைமறித்துச் சோதிக்கும் காவல் ஒன்று வேண்டும் என்றார் அவர். அக்காவலைத் தாண்டி எந்த வழியும் இருத்தலாகாது. யாரும் அதனைச் சிதைக்க இயலாதிருத்தல் வேண்டும். முழுவதும் ஆராய்ந்து சரிபார்க்கக்கூடிய அளவு அது சிறியதாகவும் இருத்தல் வேண்டும். இம்மூன்றில் கடைசி நிபந்தனையே கடினமானது. பெரியதைக் கட்டுவது எளிது. சிறியதாக வைத்திருப்பதே அருமை.

அடுத்து, 1973இல் மைட்டர் நிறுவனத்தைச் சேர்ந்த டேவிட் பெல், லியோனார்ட் லபடுலா ஆகிய இருவர் இராணுவத்தின் இரகசியப் படிநிலைகளைக் கணித விதிகளாக்கித் தந்தனர். கீழ்நிலையில் உள்ளவர் மேல்நிலைக் கோப்பைப் படித்தல் கூடாது. மேல்நிலையில் உள்ளவர் கீழ்நிலைக் கோப்பில் எழுதுதலும் கூடாது. முன்னது எல்லோரும் அறிந்ததே. பின்னதில்தான் அவர்களுடைய கூரிய அறிவு விளங்குகின்றது. மேல்நிலை அதிகாரி வஞ்சகராக இல்லாவிடினும், அவர் இயக்கும் நிரல் வஞ்சக நிரலாக இருக்கலாமன்றோ? அது இரகசியத்தைக் கீழே கசியவிடாமல் தடுப்பது இவ்விதி. இங்கே கோப்பின் உடைமையாளர் விரும்பினாலும் விதியைத் தளர்த்த இயலாது. ஆகவே இது கட்டாய அணுகல் கட்டுப்பாடு எனப் பெயர் பெற்றது. 1983இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை வெளியிட்ட மதிப்பீட்டு நூல் இக்கட்டுப்பாட்டை உயர்தரக் கணிப்பொறிகளுக்கு இன்றியமையாத தகுதியாக்கிற்று. அட்டையின் நிறத்தால் அதனை ஆரஞ்சுப் புத்தகம் என்பார்கள்.

இப்பொழுது கண்காணிப்பு நிரலை இந்தப் படிக்கட்டில் எங்கே நிறுத்துவது? இரகசியக் கோப்புகள் உள்ள இடத்தையும் அது பார்க்கவேண்டும். ஆகவே மேல்படியில் நிற்கவேண்டும். பார்த்ததைக் கீழே உள்ள ஊழியர்க்கு அறிவிக்கவும் வேண்டும். அதற்கோ மேலிருந்து கீழே எழுதுதல் கூடாது என்ற விதி தடையாகும். காவற்காரர் கண்டதைச் சொல்லாவிட்டால் காவல் எதற்கு? இத்தகைய நிரல்களுக்காக, நம்பிக்கைக்குரியவை என்ற தனிப்பட்டியலை வகுத்து, இரண்டாம் விதியினின்றும் விலக்களித்தனர். எவர் யாவற்றையும் பார்க்கின்றாரோ, அவரே விதிக்கு அப்பாற்பட்டவராகவும் ஆனார். வேலியே பயிரை மேய்வதற்கு விதியே இடங்கொடுத்தது என்க. படிநிலை முறையின் மிகப் பெரிய குறை இது என்றே கூறவேண்டும். உயர்வு தாழ்வு என்ற ஒரே அளவுகோலால் எல்லாப் பணிகளையும் அளக்க முற்பட்டதன் விளைவு அது.

மாற்றுவழி 1985இல் பிறந்தது. போபர்ட், கெய்ன் என்ற இரு அறிஞர்கள் மேல் கீழ் என்னும் படியையே நீக்கிவிட்டு, ஓர் அட்டவணையை வைத்தனர். ஓடும் நிரல் ஒவ்வொன்றும் ஒரு களத்தைச் சேர்ந்தது. கோப்பு ஒவ்வொன்றும் ஒரு வகையைச் சேர்ந்தது. இந்தக் களம் இந்த வகையை என்ன செய்யலாம் என்பது அட்டவணையில் எழுதியிருக்கும். எழுதாதது எதுவும் அனுமதியில்லை. பள்ளிக்கூடத்தில் மணியடிப்பவர் தலைமையாசிரியருக்குக் கீழா மேலா என்ற ஆராய்ச்சி இங்கே வேண்டியதில்லை. அவர் மணியைத் தொடலாம், மதிப்பெண் ஏட்டைத் தொடலாகாது. தலைமையாசிரியர் ஏட்டைப் பார்க்கலாம், மணியடிக்க வேண்டுவதில்லை. அவரவர்க்குரிய பணியே அளவாகிறது. கண்காணிப்பு நிரலுக்கு உரிய இடம் இந்த அட்டவணையில்தான் முதன்முதலாகக் கிடைத்தது எனலாம்.

எனினும் அது நடைமுறைக்கு வர மேலும் பதினைந்தாண்டுகள் ஆயின. 1990களில் அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையும் அதனோடு இணைந்த ஆய்வாளரும் இக்கருத்தைச் சோதனைக் கணிப்பொறி அமைப்புகள் சிலவற்றில் பொருத்திப் பார்த்தனர். யூட்டா பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து உருவாக்கிய ஃபிளாஸ்க் என்னும் கட்டமைப்பு அவற்றுள் முதிர்ந்தது. இறுதியில், யாவரும் பார்க்கவும் திருத்தவும் கூடிய லினக்ஸில் அதனைப் பொருத்தி, 2000 டிசம்பரில் பொதுமக்களுக்கு வெளியிட்டனர். அதுவே செலினக்ஸ். இரகசியத்தைத் தொழிலாகக் கொண்ட ஒரு நிறுவனம் தன் நிரல்மூலத்தை வெளிப்படையாகத் தந்தது பலருக்கு வியப்பளித்தது. ஐயமும் எழாமல் இல்லை. 2001இல் லினக்ஸ் கெர்னல் அறிஞர்கள் கூடிய மாநாட்டில், லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரே முறையை ஏற்பதற்கு இசையவில்லை. பல முறைகளும் வந்து பொருந்தக்கூடிய பொதுச்சட்டகம் ஒன்றையே வேண்டினார். அவ்வாறே அமைத்து, 2003 இறுதியில் வெளிவந்த 2.6 கெர்னலில் செலினக்ஸும் இடம்பெற்றது. அதே சட்டகத்தில் பின்னாளில் ஆப்ஆர்மர் போன்ற வேறு முறைகளும் வந்து அமர்ந்தன. அது கோப்பின் முத்திரையைப் பாராமல் கோப்பிருக்கும் பாதையைப் பார்த்து அனுமதி அளிப்பது.

தொடக்கத்தில் ஆர்வம் அளவை மீறியது. எல்லா நிரல்களையும் ஒரே வீச்சில் அட்டவணைக்குள் அடைக்க முயன்றபோது, அன்றாட வேலைகளே நின்றுபோயின. 2004 மே மாதம் வந்த ஃபெடோராவின் இரண்டாம் பதிப்பில் செலினக்ஸ் இருந்தும் அதனை அணைத்தே அனுப்பவேண்டியதாயிற்று. அவ்வாண்டு இறுதியில் வந்த மூன்றாம் பதிப்பில் அறிவுடைமை வென்றது. வெளியுலகோடு பேசும் சில பணிநிரல்களை மட்டும் எல்லைக்குள் வைத்து, ஏனையவற்றை முன்போலவே விட்டனர். பின்னர்ப் பதிப்புக்குப் பதிப்பு எல்லைக்குள் வரும் நிரல்களின் தொகை பெருகியது. அந்த வரிசையில்தான் நாகியோஸ், மூனின் ஆகியவற்றின் செருகுநிரல்களும் முறையே கொண்டுவரப்பட்டன.

அவற்றுக்கு எல்லை வகுத்த முறை கருதற்பாலது. தலைமை நிரலுக்கு ஒரு களம் கொடுத்து, செருகுநிரல்கள் அனைத்தையும் அதனுள் அடைத்திருக்கலாம். வேலை எளிதில் முடிந்திருக்கும். ஆனால் அவ்வாறு செய்தால் ஒவ்வொரு செருகுநிரலுக்கும் வேண்டிய உரிமையெல்லாம் அந்த ஒரே களத்தில் குவிந்து, பழைய சாவிக்கொத்தாகவே முடியும். ஆகவே செருகுநிரல்களைப் பணியால் பிரித்தனர். தட்டைச் சோதிப்பவை ஒரு களம். அஞ்சலைச் சோதிப்பவை ஒரு களம். வலைப்பணிகளைச் சோதிப்பவை ஒரு களம். கணிப்பொறியின் சுமை, ஓடும் நிரல்களின் தொகை முதலியவற்றைச் சோதிப்பவை ஒரு களம். தட்டு எவ்வளவு நிறைந்துள்ளது என்று அறிய, அதிலுள்ள கோப்பு ஒன்றையேனும் படிக்கவேண்டுமா? வேண்டுவதில்லை. அளவைக் கேட்டால் போதும். அஞ்சல் வரிசையில் எத்தனை கடிதங்கள் காத்திருக்கின்றன என்று எண்ணுபவருக்குக் கடிதத்தைப் பிரித்துப் பார்க்கும் உரிமை எதற்கு? பார்வை வேறு, கைவைத்தல் வேறு என்ற பாகுபாடு இங்கே விதியின் வடிவம் பெற்றது. எந்த வகையிலும் அடக்க இயலாத செருகுநிரல்களுக்கென்று கட்டற்றது என்ற பெயரில் ஒரு களமும் வைத்தார்கள். அதனை ஒழிக்க முடியவில்லை.

நடக்கும் முறை இதுதான். தலைமை நிரல் செருகுநிரலை அழைக்கும் அந்தக் கணத்தில், கெர்னல் செருகுநிரற் கோப்பின் முத்திரையைப் பார்க்கும். இந்தக் களத்திலிருப்பவர் இந்த முத்திரையுள்ள கோப்பை இயக்கினால், ஓடும் நிரல் இன்ன களத்துக்கு மாறுக என்று விதி இருக்கும். உடனே நிரல் தன் குறுகிய களத்துக்குள் புகுந்துவிடும். அதன்பின் அது தொடும் ஒவ்வொரு கோப்புக்கும் இரு சோதனைகள். முதலில் யூனிக்ஸின் பழைய சோதனை. அது இசைந்தபின் அட்டவணைச் சோதனை. இரண்டும் இசைந்தால்தான் கோப்பு திறக்கும். ரூட்டின் உரிமையோடு ஓடும் நிரலுக்கும் இரண்டாவது சோதனையிலிருந்து விலக்கு இல்லை. மறுக்கப்பட்ட முயற்சி பதிவேட்டில் ஏறும்.

இது எவ்வளவு தேவை என்பதற்கு 2014இல் நிகழ்ந்த ஒன்று சான்று. வலையில் இணையும் கணிப்பொறிகளுக்கு முகவரி வழங்கும் டிஎச்சிபி என்னும் பணி நடைபெறுகின்றதா என்று பார்க்கும் செருகுநிரல் ஒன்று நாகியோஸ் செருகுநிரல் தொகுதியில் உண்டு. அதன் வேலைக்கு ரூட் மட்டுமே திறக்கக்கூடிய வலைவாயில் ஒன்று வேண்டும். ஆகவே ரிச்சியின் தனிக்குறியை அதன்மேல் இட்டு, ரூட்டின் உரிமையோடு ஓடச் செய்திருந்தனர். அச்செருகுநிரல் தன் அமைவுக் குறிப்புகளை வேறு கோப்பிலிருந்தும் படித்துக்கொள்ளும் வசதியுடையது. எந்தக் கோப்பு என்பதை இயக்குபவரே சொல்லலாம்! சாதாரணப் பயனர் ஒருவர் ரூட்டின் வீட்டிலுள்ள தரவுத்தளக் கடவுச்சொற் கோப்பைச் சுட்டிக்காட்டினால், செருகுநிரல் ரூட்டின் உரிமையோடு அதனைத் திறந்து, உள்ளிருப்பதை அவர் கண்முன் வெளியிட்டுவிடும். இக்குறை கண்டறியப்பட்டு 2.0.2ஆம் பதிப்பில் திருத்தப்பட்டது. திருத்தத்திலும் ஓர் இடுக்கு இருந்தது. கோப்பைச் சோதிக்கும் கணத்துக்கும் திறக்கும் கணத்துக்கும் இடையே, ஒரு கோப்பின் இடத்தில் இன்னொன்றுக்கான இணைப்பை நுழைத்துவிட முடிந்தது. மீண்டும் திருத்தவேண்டியதாயிற்று.

முகவரி கேட்டுப் பார்ப்பது அதன் பணி. ரூட்டின் வீட்டுக்கோப்பு அப்பணிக்கு எவ்வகையிலும் வேண்டுவதன்று. குறுகிய களத்தில் அது ஓடுமாயின், கோப்பு வசதியில் எத்தனை பிழை இருந்தபோதிலும் அட்டவணை மறுத்துவிடும். ஆனால் ஒன்றை மறைக்கலாகாது. களமாற்ற விதி யார் அழைக்கிறார் என்பதையும் பொறுத்தது. கண்காணிப்பு நிரல் அழைத்தால் குறுகிய களம். எல்லையற்ற களத்திலிருக்கும் பயனர் தாமே நேரில் இயக்கும்போது அதற்கென விதி எழுதப்படாதிருந்தால், செருகுநிரலும் அவர் களத்திலேயே ஓடும். மேற்கூறிய குறையைப் பயன்படுத்துபவர் நேரில் இயக்குபவரே என்பதை எண்ணிப் பார்த்தால், பயனர்க்கும் எல்லை வகுக்காத இடத்தில் பாதுகாப்பு பாதியளவே என்பது விளங்கும். வாயிலில் காவலிட்டுக் கொல்லைப்புறத்தை மறந்தவர் கதை அது.

கண்காணிக்கும் நிரலைக் கைப்பற்றினால் கண்காணிக்கப்படும் இடமெல்லாம் கைவசமாகும் என்பதை எதிரிகள் நன்கு அறிவர். 2020 டிசம்பரில் சோலார்விண்ட்ஸ் நிறுவனத்தின் ஓரியன் என்னும் கண்காணிப்பு நிரலில் வேற்றாட்கள் தீநிரலை நுழைத்திருந்தமை வெளியாயிற்று. நிறுவனம் முறைப்படி அனுப்பிய புதுப்பிப்போடு கலந்தே அது சென்றது. ஏறத்தாழ 18,000 வாடிக்கையாளர்வரை அதனைப் பெற்றனர். அமெரிக்க அரசாங்கத்தின் பல துறைகளும் அவர்களுள் அடங்கும். அங்கே செலினக்ஸ் இருந்திருந்தால் யாவும் தடைப்பட்டிருக்கும் என்று சொல்வது மிகை. அது வேறு அமைப்பில் ஓடிய நிரல், நுழைந்த வழியும் வேறு. ஆயினும் எல்லா அறைக்கும் சென்றுவரும் உரிமை ஓரிடத்தில் குவிந்திருந்தால் விளைவது என்ன என்பதை அந்நிகழ்ச்சி உலகுக்குக் காட்டிற்று.

இத்தனைக்குப் பின்னரும் பல சர்வர்களில் செலினக்ஸ் அணைக்கப்பட்டே இருப்பதற்குக் காரணம் என்ன? பொறுப்பாளர் தம் தேவைக்கென ஒரு செருகுநிரலைத் தாமே எழுதுகிறார். தம் வீட்டுக் கோப்புறையில் எழுதியதை அப்படியே செருகுநிரல்கள் இருக்கும் இடத்துக்கு நகர்த்துகிறார். நகர்த்திய கோப்பு பழைய முத்திரையையே சுமந்துகொண்டு வருகின்றது. அவர் கையால் இயக்கினால் ஓடுகிறது. நாகியோஸ் இயக்கினால் மறுக்கப்படுகிறது. யூனிக்ஸ் உரிமைகளைப் பார்த்தால் எல்லாம் சரியாகவே இருக்கின்றன. நள்ளிரவில், காரணம் புரியாத நிலையில், அவர் செய்யும் முதற்காரியம் செலினக்ஸ் முழுவதையும் அணைத்துவிடுவதுதான். ஒரு செருகுநிரலுக்காகச் சர்வரின் காவல் முழுவதும் போகிறது. கோப்பின் முத்திரையை அதன் இடத்துக்கேற்பப் புதுப்பிக்கும் கட்டளை ஒன்றே போதியதாக இருந்திருக்கும். வேறு சிலர் பதிவேட்டிலுள்ள மறுப்புகளையெல்லாம் ஒன்றுவிடாமல் அனுமதிகளாக மாற்றித்தரும் கருவியைப் பயன்படுத்துகின்றனர். மாணவன் கேட்டதற்கெல்லாம் தலையசைத்துவிட்டு ஒழுங்கு நிலவுகிறது என்று சொல்வதைப் போன்றது அது.

இவ்விடரை உணர்ந்தே 2008ஆம் ஆண்டில் கெர்னலில் ஒரு வசதி சேர்க்கப்பட்டது. அதற்கு முன்பு, கட்டுப்பாட்டைத் தளர்த்தினால் சர்வர் முழுவதற்கும் தளர்த்தவேண்டும். இப்போது ஒரே ஒரு களத்தை மட்டும் தளர்ந்த நிலையில் வைக்கலாம். புதிய செருகுநிரல் அக்களத்தில் தடையின்றி ஓடும். அது மீறும் விதிகள் பதிவேட்டில் ஏறிக்கொண்டே இருக்கும். ஏனைய களங்களின் காவல் குன்றாது. சில நாள் அப்பதிவேட்டைப் படித்து, அச்செருகுநிரலுக்கு மெய்யாகவே வேண்டிய உரிமைகளை மட்டும் அட்டவணையில் எழுதியபின், களத்தை மீண்டும் இறுக்கிவிடலாம். தட்டையும் அஞ்சலையும் சோதிக்கும் செருகுநிரல்களுக்கு இந்த அட்டவணை முன்பே எழுதப்பட்டு லினக்ஸோடு வருகின்றது. பொறுப்பாளர் தாமே எழுதிய செருகுநிரலுக்கோ அவரேதான் எழுதவேண்டும். அதுவரையில் அது பெரும்பாலும் கட்டற்ற களத்திலேயே ஓடிக்கொண்டிருக்கிறது.